1942இல் நம் லயங்களில் என்ன நடந்தது? ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் கதையும் காகிதங்களும்

இரண்டாம் உலகப் போர் காலத்து மலையகம் என்றதும் எல்லோரும் கண்டியைத்தான் சொல்வார்கள். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை அங்கே கொண்டுவந்தது, பேராதனைப் பூங்காவுக்குள் படை அலுவலகங்கள் முளைத்தது, தியத்தலாவை முகாமில் ஜெர்மன்காரர்களை, அவர்களோடு ஞானதிலோக்க தேரர் மாதிரி ஜெர்மனியில் பிறந்த பிக்குகளையும் அடைத்து வைத்தது, 1942இல் கொழும்புப் பக்கத்துப் பெரிய பாடசாலை ஒன்று குருத்தலாவைக்கு ஏறி வந்தது. இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது, தேடினால் படங்களோடு கிடைக்கும். அதே வருஷங்களில் அந்தப் பூங்காவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், லயத்துக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்குள் இருந்த நம் சனம் எதைச் சமைத்தது, யாரை அனுப்பிவிட்டு யாருக்காகக் காத்திருந்தது என்று கேட்டால் கையில் ஒன்றும் அகப்படாது. தோட்டத்தை நடத்திய துரைமார் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, அதில் நாம் தலைக்கணக்காக வருகிறோம், அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் நானும் இன்னும் சில இளையவர்களும் சேர்ந்து எங்கள் பக்கத்தில் இதைத் தேடத் தொடங்கினோம். அதில் ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் இங்கே முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு குடும்பத்துக்குள்ளேயே இந்த விஷயத்தின் எல்லா முடிச்சும் இருக்கிறது. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் குடும்பம் கேட்டுக்கொண்டபடி விட்டுவிட்டேன்.

எந்தச் சண்டை?

தொண்ணூறைத் தாண்டிய அம்மாயி ஒருவர். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. ஆசிரியர் அவரிடம், "அம்மாயி, சண்டைக் காலத்துல இங்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "எந்தச் சண்டை தம்பி, எம்பத்தி மூணா?" என்று திருப்பிக் கேட்டார் அம்மாயி, பதிலுக்குக் காத்திராமல் 83 ஜூலையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். டவுனில் கடைகள் எரிந்தது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் ஒளிந்தது, அப்புறம் அடையாள அட்டை இல்லாத பையன்களைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனது, 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்களை வெட்டிக் கொன்றபோது இந்தப் பக்கமும் கொதித்தது. நாங்கள் தேடி வந்தது அது இல்லை என்பதற்காக ஒருவர் வாயை அடைத்து நமக்கு வேண்டிய வருஷத்துக்கு இழுத்துக்கொண்டு போவது மரியாதையில்லை. அதனால் அதை முழுதாகக் கேட்டோம், தனியாகப் பதிந்தும் வைத்தோம்.

அடுத்த தடவை போனபோது கேள்வியை மாற்றினோம். யுத்தம், சண்டை, வெள்ளைக்காரன், யப்பான் எதையும் எடுக்கவில்லை. "அம்மாயி சின்னப்புள்ளையா இருந்தப்ப வீட்டுல என்ன சமைப்பாங்க? அரிசி எங்க குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டோம். அதற்குப் பிறகு நாங்கள் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. தோட்டத்தில் கொடுத்த அரிசி குறைந்துகொண்டே வந்தது, அரிசிக்குப் பதில் கோதுமை மா வந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் கூழாகக் காய்ச்சிக் குடித்தார்கள், ரொட்டி தட்டப் பழகியது அப்புறம்தான். குரக்கனும் வந்ததாம். ஸ்டோருக்குப் பக்கத்திலிருந்த சரிவில் தேயிலை இல்லாத இடத்தையெல்லாம் கொத்திக் கிழங்கு போடச் சொன்னார்களாம்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு வெளியே சாட்சி இருக்கிறது. இலங்கை அப்போது தின்ற அரிசியில் பெரும்பகுதி கடல் வழியாக வந்தது, அதிலும் பர்மா அரிசிதான் அதிகம். 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. அந்த வருஷமே அரிசிக்குப் பங்கீடு வந்தது. ஊர்ச் சனத்துக்கு ஒரு துண்டு வயலாவது, ஒரு பலாமரமாவது இருந்திருக்கும். லயத்தில் இருந்தவருக்குக் காலடி மண்ணும் கம்பெனியுடையது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி குறித்த விலைக்கு மேற்போகாமல் தோட்டம் அரிசி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. சம்பளத்தையே அந்த அரிசியைச் சேர்த்துத்தான் கணக்கிட்டார்கள். ஆக, பர்மா அடைபட்டபோது நேரே அடி விழுந்த இடங்களில் ஒன்று நம் அடுப்பு.

அந்த நேரம் கொழுந்து மலையில் வேலை நிற்கவில்லை. பிரிட்டிஷ் உணவு அமைச்சு இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கியது, கொழும்பு ஏலம் போர் முடிந்த பிறகுதான் திரும்பத் தொடங்கியது. 1940 ஜூலையிலிருந்து பிரிட்டனில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை என்று பங்கிட்டார்கள். அந்த 2 அவுன்ஸ் தவறாமல் போய்ச் சேர்வதற்காகக் கூழ் குடித்துவிட்டுக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போன பெண்களை அங்கே எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும். கீழ்நாட்டுப் பக்கம், கேகாலை, இரத்தினபுரி, மாத்தளைத் தோட்டங்களில் றப்பர். மலாயா விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு இலங்கை றப்பர் பால்தான் பெரிய நம்பிக்கை, மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை வெட்டி எடுத்தார்கள். எங்கள் பக்கம் தேயிலை மட்டும்தான் என்பதால் அந்தக் கதையை இங்கே தொடரவில்லை.

இரண்டு பஞ்சம், ஒரே ஞாபகம்

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டியிருந்தது. மலையகத்தில் பசி என்று கேட்டால் வருவது ஒரு காலத்துப் பசி இல்லை. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள், குடும்பம் குடும்பமாக வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அந்த ஞாபகம் மிகப் பெரியது, அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் அது தனக்குள் இழுத்துக்கொள்கிறது. மாச் சாக்கில் சட்டை தைத்தது, கிழங்கு அவித்துத் தின்றது, மாவுக்கு வரிசையில் நின்றது எல்லாமே இரண்டு காலத்துக்கும் பொருந்தும். அம்மாயி சொன்னதில் எது நாற்பதுகள், எது எழுபதுகள் என்று பிரிக்காமல் எழுதியிருந்தால் அது கதையாக இருந்திருக்கும், வரலாறாக இருந்திருக்காது.

பிரித்தது இப்படி. அரிசியை யார் அளந்து கொடுத்தார் என்று கேட்டோம். கணக்கப்பிள்ளை நிற்க, தோட்டத்து ஸ்டோரில் அளந்தார்கள் என்றால் அது பழையது. கூட்டுறவுக் கடை, கூப்பன், "சிறிமா காலம்" (பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சி) என்றால் புதியது. அப்போது துரை வெள்ளைக்காரரா என்று கேட்டோம். அம்மாயிக்கு அப்போது கல்யாணம் ஆகிவிட்டதா, எந்தப் பிள்ளை கையில் என்றும் கேட்டோம். வருஷம் சொல்லத் தெரியாதவருக்கும் பிள்ளை பிறந்த வரிசை பிசகாது. ஒரு பெண்ணிடம் 1942 என்று சொன்னால் அது வெறும் எண், "கடைசித் தம்பிக்குப் பல் முளைக்கிறப்ப" என்றால் அவர் அந்த நாளுக்கே போய்விடுவார்.

நிலத்தையும் சாட்சிக்கு இழுத்தோம். அடுத்த லயத்துப் பெரியவர் ஒருவர், அந்தப் பஞ்சத்தில் இதே மலையில் மரவள்ளி போட்டு எல்லோரும் அதையே தின்றதாக உறுதியாகச் சொன்னார். எங்கள் தோட்டம் இருக்கும் உயரத்துக் குளிரில் மரவள்ளி ஒழுங்காக விழாது, இன்றைக்கும் இங்கே யாரும் போடுவதில்லை. கிண்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது அவருடைய மனைவியின் பிறந்த தோட்டத்துக் கதை, அது மாத்தளைப் பக்கம். ஐம்பது வருஷம் ஒரே காம்பராவில் இருந்த இரண்டு பேருக்குள் கதை இடம் மாறியிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கதையைத் தூக்கி எறியவுமில்லை, மாத்தளை என்று எழுதிச் சரியான இடத்தில் வைத்தோம்.

துப்பாக்கிச் சூட்டுக் கதைகளும் இப்படித்தான். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிசார் சுட்டு கோவிந்தன் இறந்தார், மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்வோம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். எங்கள் பெரியவர்கள் சிலர் இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே ஆளாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு விபரத்தில் மட்டும் குழப்பமே இல்லை. "சிவப்புக் கட்சிக்காரங்க கண்டி ஜெயிலை விட்டு ஓடிப்போன" கதை யப்பான் குண்டு போட்டதற்கு அடுத்து நடந்தது என்று சொல்கிறார்கள், அது அப்படியே சரி. 1940 ஜூனில் பிடிக்கப்பட்ட, லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களான என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நான்கு பேரும் 1942 ஏப்ரல் 7ஆம் திகதி கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார்கள், கொழும்பில் குண்டு விழுந்தது ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு.

தகரப் பெட்டியில் இருந்தது

அம்மாயி சொன்னதில் எங்களுக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அவருடைய அம்மா கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு திருச்சிப் பக்கத்துப் பிறந்த ஊருக்குப் போய்விட்டாராம். ஏன் என்று கேட்டால், அப்பாவோடு சண்டை என்றுதான் நினைக்கிறேன் என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை அன்றோடு நின்று அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சமைக்கத் தொடங்கியது. அம்மா திரும்பி வந்தபோது தம்பி நன்றாக ஓடித் திரிந்தானாம், அக்காவைப் பார்த்து யாரென்று தெரியாமல் அழுதானாம். எண்பது வருஷமாக அம்மாயி இதை வீட்டுக்குள் நடந்த சண்டையாகவே சுமந்துகொண்டிருந்தார்.

அப்புறம் அவருடைய மகன், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, தன் தாத்தாவின், அதாவது அம்மாயியின் அப்பாவின், பழைய தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே சுருட்டிக் கட்டிய காகிதங்கள். தாத்தா 1951இல் குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பத்தின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், இவர் இந்தத் தோட்டத்தில் விடாமல் வேலை செய்தார் என்று துரை கொடுத்த கடிதம், விசாரணைக்கு வரச் சொன்ன அறிவித்தல், விசாரணையில் சொன்னதன் தட்டச்சுப் பிரதி, கடைசியில் நிராகரிப்புக் கடிதம்.

இந்தக் காகிதங்கள் ஏன் போர்க் கதைக்கு இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. எப்படி? 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னால், கல்யாணம் ஆனவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் இலங்கையில் விடாமல் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரு தடவை வெளியே போனால் 12 மாதத்துக்கு மேல் ஆகக்கூடாது. மனைவி மக்கள் இங்கே இருந்ததையும் பார்த்தார்கள். 1946இலிருந்து 7 வருஷம் பின்னால் எண்ணிப் பாருங்கள். 1939 தொடங்கி 1945 முடிய. போர் நடந்த வருஷங்கள் அத்தனையும் அதற்குள் அப்படியே விழுகின்றன.

அதாவது, அரிசி இல்லை என்று, குண்டு விழும் என்று, கடல் வழி மூடிவிடும் என்று எந்த வருஷங்களில் நம் சனம் அலைக்கழிந்ததோ, அதே வருஷங்களில் அசையாமல் ஒரே இடத்தில் இருந்ததாகக் காட்டச் சொன்னது சட்டம். 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதியே இந்திய அரசு இங்கே கூலிவேலைக்கு ஆள் வருவதைத் தடை செய்துவிட்டது, அரச வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை இலங்கை அரசு நிறுத்தப்போனதற்குப் பதிலாக. நேரு வந்து பேசியும் சரிவரவில்லை, அவர் வந்த கையோடு 1939 ஜூலை 25ஆம் திகதி இங்கிருந்த இந்திய வம்சாவளியினரின் அமைப்பாக இலங்கை இந்தியன் காங்கிரஸ் தொடங்கியதுதான் மிச்சம். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வரும் காலம் அத்தோடு முடிந்தது. போகிற ஆள் திரும்பி வருவது இனிச் சுலபமில்லை என்பது அன்றைக்கே லயங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் 1942இல் அம்மாயியின் அம்மா தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியிருக்கிறார்.

ஏன் என்பதற்குத் தட்டச்சுப் பிரதியில் ஒரே ஒரு வரி இருக்கிறது. கொழும்பில் குண்டு விழுந்த பிறகு பயந்து மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டேன், திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்று தாத்தா விசாரணையில் சொல்லியிருக்கிறார். நிராகரித்ததற்குக் காரணமும் அந்த ஒரு வருஷத்துக்கு மேல்தான்.

அம்மாயிக்கு மகன் அதை வாசித்துக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப சண்டை இல்லையா?" என்றார்.

நாங்கள் அதை அப்படியே நம்பிவிடவில்லை. விசாரணை அதிகாரியின் முன்னால் நிற்கும் ஒருவர், வீட்டுச் சண்டையைச் சொல்வதைவிடக் குண்டுக்குப் பயந்ததாகச் சொல்வது அனுகூலம் என்று நினைத்திருக்கலாம். அதனால் மற்றச் சாட்சிகளைத் தேடினோம். தம்பியின் பிறப்புச் சான்று 1941, அடுத்த தங்கையுடையது 1945, நடுவில் இடைவெளி. தோட்டப் பாடசாலையின் பழைய சேர்வுப் பதிவேடு கறையானுக்குத் தப்பிப் பாதி இருந்தது, அதில் அம்மாயியின் பெயர் 1942 மே மாதத்தோடு வெட்டப்பட்டிருக்கிறது. ஈஸ்டர் குண்டுவீச்சுக்கு அடுத்த மாதம். கொழும்பிலிருந்து அந்த ஏப்ரலில் சனம் கூட்டம் கூட்டமாக வெளியேறியது எல்லோரும் எழுதியிருக்கும் விஷயம், இந்தியாவுக்குப் போனவர்களும் அதில் நிறைய. அந்தப் பயம் ரயிலேறி மலைக்கும் வந்திருக்கும். திகதிகள் தாத்தாவின் பக்கம் நிற்கின்றன. சண்டையும் கூடவே இருந்திருக்கலாம், பசி வந்த வீட்டில் சண்டை வராமல் இருக்காது.

அந்தக் குடும்பத்துக்கு அப்புறம் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். விண்ணப்பித்தவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல், பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மிச்சப் பேரை வைத்து 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாக. அம்மாயியின் தம்பி, அந்தக் கைக்குழந்தை, இதே தோட்டத்தில் பிறந்தவர், எழுபதுகளில் குடும்பத்தோடு போய் நீலகிரிப் பக்கம் கூடலூரில் திரும்பவும் தேயிலைக்குள்ளேயே இறங்கினார். அம்மாயிக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இலங்கைக் குடியுரிமை வந்தது. அப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

இதைத் தேட விரும்புகிறவர்களுக்கு

எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன், போர்க் கதை தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது குடியுரிமைக் காகிதங்களை. 1939 முதல் 1945 வரை நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள், யார் போனார், யார் வந்தார் என்பதை அதிகாரி துருவித் துருவிக் கேட்டு எழுதிவைத்தது வேறு எங்கும் இல்லை. நம்மை வெளியே தள்ளுவதற்காகக் கேட்ட கேள்விகள் அவை, ஆனால் அந்தப் பதில்களில் நம் பாட்டன் பாட்டியின் குரல் இருக்கிறது. பல வீடுகளில் இன்னும் அந்தக் கட்டு இருக்கிறது, அடையாள அட்டை வந்துவிட்டதே இனி எதற்கு என்று அடுப்பில் போட்ட வீடுகளும் இருக்கின்றன. புது வீட்டுத் திட்டத்தில் லயத்தை விட்டுப் போகும்போது முதலில் வீசப்படுவது இந்தப் பெட்டிதான், அதனால் யாராவது வீடு மாறப்போகிறார் என்று கேள்விப்பட்டால் உடனே போங்கள்.

காகிதத்தை வீட்டைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் போன் கமராவில் எடுத்தால் போதும், பின்பக்கத்தையும் எடுங்கள், முத்திரையும் திகதியும் பலநேரம் அங்கேதான் இருக்கும். படத்தின் ஒரு பிரதியை அந்த வீட்டு இளையவர் ஒருவருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். இலக்கங்கள், முகவரிகள் இருக்கும் பக்கத்தை இணையத்தில் போடவே வேண்டாம். தோட்டப் பாடசாலைகளின் பழைய பதிவேடுகள், தோட்டத்து செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு), கோயில் கணக்குப் புத்தகம், சுடுகாட்டுக் கல்வெட்டு எல்லாம் அதன் பிறகு. கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்தக் கால நிர்வாக அறிக்கைகளைப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக் கதை கையில் இல்லாமல் அங்கே போனால் எதைத் தேடுவது என்றே தெரியாது.

கேட்கப் போகிறவர் பெண்ணாக இருந்தால் நல்லது. எங்கள் கூட்டத்தில் இருந்த பெண்பிள்ளை கேட்டபோது வந்த பாதிக் கதை எங்களிடம் வந்திருக்காது. பிரசவம், மாதவிலக்குத் துணிக்குக்கூட வழியில்லாத அந்தத் துணித் தட்டுப்பாடு, பால் வற்றிய மார்போடு பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கும் மலைக்கும் நடந்த அம்மாக்கள், இதெல்லாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்களுக்குள் பேசப்பட்ட விஷயங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை மீதி இருக்கிறது. கூடலூரில் அம்மாயியின் தம்பி இறந்துவிட்டார், அவருடைய மகள்கள் இருக்கிறார்கள், அக்காள் தங்கை எல்லோரும் வாட்ஸ்அப்பில் அம்மாயியோடு பேசுகிறார்கள். அம்மாயியின் அம்மா திருச்சிப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் யார் வீட்டில் இருந்தார், எப்படி வயிறு கழுவினார், திரும்பி வர யாரிடம் போய் நின்றார் என்பது அவர் கடைசி மகனிடம்தான் சொல்லியிருப்பார் என்று அம்மாயி நினைக்கிறார், அவன்தானே கூடப் போனவன். கேள்விகளை எழுதி அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறோம். முதல் கேள்வியை அம்மாயியே சொல்லி எழுதச் சொன்னார்: அம்மா குண்டுக்குப் பயந்து வந்தேன் என்று சொன்னாரா, இல்லை அப்பாவோடு கோபித்துக்கொண்டு வந்தேன் என்று சொன்னாரா?